ரூம்ங்கிறது தூங்கத்தானே

டோரீன் மஹாசெக் ரோட்டான் தீவுக்குப் போன வருஷம் வரைக்கும் ஐந்து முறை போயிருந்தாள். ஐந்து முறையும் அந்தத் தீவில் ஒரு காலைக்கூட எடுத்து வைத்ததில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் ஷூலன்பர்க் பக்கத்தில் இதெல்லாம் சகஜம். கால்வெஸ்டன் துறைமுகத்தில் காரை நிறுத்திவிட்டுக் கப்பல் ஏறி, ஏழு நாள் தின்று, ஏழு நாள் தூங்கி, திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் தீவு தீவாகச் சுற்றியதாகக் கதை அளக்கிறவர்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர் உண்டு.

டோரீன் இறங்காததற்குக் காரணம் அவள் கால் இல்லை, அவள் புருஷன். எர்வினை எங்களுக்கெல்லாம் பள்ளி நாளிலிருந்து தெரியும். மாட்டுத்தீவனக் கடை நடத்தி, அதை விற்றுவிட்டு, வருஷத்துக்கு ஒரு கப்பல் பயணம் என்று வைத்துக்கொண்டவன். நல்லவன்தான். ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டான் என்றால் டிராக்டர் வைத்து இழுத்தாலும் நகரமாட்டான்.

கப்பல் விஷயத்தில் அவன் முடிவு செய்து வைத்திருந்தது இரண்டு. ஒன்று, கப்பலின் நடுவயிற்றில் ஜன்னலே இல்லாத உள்ளறைதான் எடுப்பது. விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. "ரூம்ங்கிறது தூங்கத்தானே" என்பான். அதோடு பேச்சு முடிந்தது. இரண்டாவது, துறைமுகத்தில் நிற்கும் நாளில் இறங்கவே கூடாது. மூவாயிரம் பேர் இறங்கிப் போனபிறகு கப்பல் முழுக்க நமக்குத்தான், வெந்நீர்த் தொட்டியில் காலை நீட்டிப் படுக்கலாம், பர்கருக்கு வரிசை கிடையாது, காசு கொடுத்து வாங்கியது கப்பலை, அதை விட்டுவிட்டு எவனாவது வெயிலில் டாக்ஸிக்காரனோடு மல்லுக்கட்டுவானா என்பது அவன் கட்சி.

மூன்றாவதாக ஒரு கூத்தும் இருந்தது. கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பும் என்றால், நாலரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும். எப்போதும் யாராவது இரண்டு பேர் தாமதமாகிவிடுவார்கள். தொப்பி பறக்க, பை அடிக்க, நீளமான துறைமேடை முழுக்க விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். அவர்களைப் பார்ப்பதற்கென்றே பத்தாவது தளக் கம்பியோரம் ஒரு கூட்டம் பீர் பாட்டிலோடு நிற்கும், கைதட்டும், ஊளையிடும். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் யார் என்று நினைக்கிறீர்கள்? எர்வின் கடையை விற்றபோது எதைக் கொடுத்தானோ இல்லையோ, கல்லாவுக்கு மேல் தொங்கிய மாட்டுமணியை மட்டும் கொடுக்கவில்லை. அதைப் பெட்டியில் வைத்துக் கப்பலுக்கு எடுத்துவருவான். எவன் ஓடி வந்தாலும் மணியை அடி அடி என்று அடிப்பான்.

ஓடி வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே தப்பைத்தான் செய்திருப்பார்கள். கோடைக்காலத்தில் ரோட்டான் கடிகாரம் கப்பல் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பலில் எப்போதும் கப்பல் நேரம்தான் கணக்கு. ஆனால் கைபேசி தீவின் சிக்னலைப் பிடித்ததும் தானாகவே ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். பார்க்கிறவனுக்கு மூன்றரை, கப்பலில் நாலரை. எர்வின் இதைக் காலைச் சாப்பாட்டு மேசையில் புதிதாக வந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்துப் பாடம் எடுப்பான். தானே கண்டுபிடித்தது மாதிரி எடுப்பான்.

அந்த ஐந்து வருஷமும் டோரீன் என்ன செய்தாள்? நாலாவது தளத்து நடைபாதையில் நின்று தீவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சைக் குன்று. செம்மண் பாதை ஒன்று வளைந்து வளைந்து மேலே போகும். உச்சியில் சின்னதாக வெள்ளை சர்ச். அதன் படியில் எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அங்கே உட்கார்ந்து இந்தக் கப்பலைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது முதல் வருஷம். இரண்டாம் வருஷம் எர்வினிடம் சொன்னாள். மேலேறிப் பார்த்துவிட்டுத் திரும்ப இங்கேதானே வரப்போகிறாய், அதற்கு இங்கேயே இருந்துவிடலாமே என்றான் அவன். மூன்றாம் வருஷமும் சொன்னாள். நாலாம் வருஷம் சொல்லவில்லை, மனதுக்குள் வைத்துக்கொண்டாள். இந்த மாதிரி வைத்துக்கொள்கிற பெண்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அவள் இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரு நாள்கூட ஒரு நிமிஷம் பிந்தியதில்லை. பின்சீட்டில் சண்டை போடுகிற பிள்ளை, அவள் முன்னாலிருந்து போடுகிற ஒரு சத்தத்தில் அடங்கி உட்கார்ந்துவிடும். ஐந்தாவது வருஷம் மே மாதம் ஓய்வு பெற்றாள். பள்ளியில் கேக் வெட்டினார்கள். வீட்டுக்கு வந்து, ரப்பர் பட்டை போட்ட பழைய கைக்கடிகாரத்தைக் கழற்றப் போனவள், கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டாள்.

அடுத்த பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பயண ஏற்பாட்டுக்காரி கிளெண்டா வழக்கம்போல் போன் செய்தாள். எர்வின் சமையலறை மேசையில் ஆப்ரிகாட் வைத்த கோலாச் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். டோரீன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கப்பலின் தளப்படத்தை மேசையில் விரித்தாள். பென்சிலால் அதில் வட்டம் போட்டிருந்தது.

"எர்வினுக்கு எப்பவும்போல உள்ரூம் போடு. எனக்குத் தனியா ஒண்ணு. ஏழாவது தளம், இடப்பக்கம், பால்கனியோட" என்றாள்.

எர்வினுக்கு ரொட்டி தொண்டையில் நின்றது.

ஒருத்தர் தங்கினாலும் இரண்டு பேர் கட்டணம் வாங்கிவிடுவார்கள் என்று கிளெண்டா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். தெரியும், அது தன் ஓய்வூதியப் பணம், பேருந்து ஓட்டிச் சம்பாதித்தது என்றாள் டோரீன். எட்டாவது தளத்தில் இன்னும் நல்ல அறை இருக்கிறதே என்றாள் கிளெண்டா. வேண்டாம், ஒன்பதில் நீச்சல்குளத்துக்காரர்கள் விடிகாலையில் நாற்காலியை இழுக்கிற சத்தம் எட்டில் இருப்பவன் தலையில் இடிக்கும், ஏழுதான், மேலேயும் அறை கீழேயும் அறை, சத்தம் வராது என்றாள் டோரீன். எல்லாவற்றையும் ஐந்து வருஷமாகப் பார்த்து வைத்திருந்தாள்.

எர்வின் கையைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

"இடப்பக்கம் எடுத்தா என்ன தெரியும்னு தெரியுமா? துறைமேடை. சிமெண்டுத் தரை. அதைப் பாக்கவா காசு?"

"அஞ்சு தடவையும் கப்பல் ஒரே மாதிரிதான் கட்டுச்சு. குன்று இடப்பக்கம்தான் இருந்துச்சு. நான் எழுதி வச்சிருக்கேன்."

"ரூம்ங்கிறது தூங்கத்தானே, டோரீன்."

"உனக்கு அப்படி. அதான் உனக்கு அந்த ரூமே எடுத்திருக்கேன். ரோட்டான்ல நான் இறங்கப்போறேன். நீ வந்தா வா, வரலேன்னா உன் வெந்நீர்ல ஊறு."

இந்தச் செய்தி ஊருக்குள் போய்ச் சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஏறுவது ஒரே கப்பல், படுப்பது இரண்டு அறையா? சர்ச் விருந்தில் சாசேஜ் பரிமாறுகிறவர்கள் டோரீன் தட்டைப் பார்ப்பதைவிட முகத்தைத்தான் அதிகம் பார்த்தார்கள். டேரக் என்கிற சீட்டாட்ட மேசையில் எர்வினைக் கிண்டல் பண்ணினார்கள், குறட்டையா, விவாகரத்து வக்கீலா என்று கேட்டார்கள். எர்வினின் அக்கா ஒருநாள் வீட்டுக்கே வந்து, முப்பத்தெட்டு வருஷக் குடித்தனம், மனம்விட்டுச் சொல் என்றாள். மனம்விட்டுத்தான் சொன்னாள் டோரீன். எர்வினோடு தனக்கு ஒரு குறையும் இல்லை, ஜன்னலோடுதான் இருந்தது, இப்போது தீர்ந்துவிட்டது என்றாள். அக்காவுக்கு அது விளங்கவில்லை. விளங்கவைக்க டோரீனும் மெனக்கெடவில்லை.

ஜூலையில் கப்பல் ஏறினார்கள். டோரீன் தன் அறை வாசலில் நின்று கதவு எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தாள். திறந்தாள். கட்டில், நாற்காலி, அதற்கப்பால் கண்ணாடிக் கதவு. அதைத் தள்ளியதும் உப்புக்காற்று திரைச்சீலையைத் தூக்கி அவள் முகத்தில் அடித்தது. அழுகை வந்தது. இதற்குப்போய் அழுவாளா ஒருத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டு முகத்தைத் துடைத்தாள்.

கடலில் போன நாட்களில் எர்வின் அவள் அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையில் மீன் சரியில்லை, காப்பி சரியில்லை என்று எல்லாவற்றையும் பேசினான், அறையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கட்டும் என்று அவளும் காத்துக்கொண்டிருக்கவில்லை. விடியற்காலையில் பால்கனியில் காப்பியோடு உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தாள். அவன் குறட்டை இல்லாமல் தூக்கம் வராதோ என்று பயந்திருந்தாள். நன்றாகவே வந்தது.

இந்தப் பயணத்தில் வருகிறவர்கள் முன்கூட்டியே இணையத்தில் ஒரு குழுவாகச் சேர்ந்து, துறைமுகத்தில் ஒரே டாக்ஸியைப் பகிர்ந்துகொள்ளப் பேசி வைப்பார்கள். அப்படித்தான் பியூமான்ட் ஊரைச் சேர்ந்த அக்கா தங்கை இரண்டு பேர் டோரீனுக்குக் கிடைத்தார்கள். அக்கா பெயர் ரமோனா, வாய் ஓயாதவள். காலையில் கடை, பிறகு மரத்தில் தொங்கும் சோம்பேறி விலங்கைப் பார்ப்பது, பிறகு டோரீனைக் குன்றடியில் இறக்கிவிட்டு அவர்கள் துறைமுகத்துக்குத் திரும்புவது என்று திட்டம். டோரீன் அதைத் தாளில் எழுதி, பக்கத்தில் நேரத்தையும் போட்டாள். எல்லாம் கப்பல் நேரம்.

ரோட்டான் நாளன்று காலை எட்டு மணிக்கு எர்வினுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. கப்பலில் ஏறியதிலிருந்து மாடிப்படியாக ஏறி இறங்கியவனுக்கு, சரியாக அன்று காலை. நாற்காலியில் காலை நீட்டி, முகத்தைச் சுளித்து, யாராவது ஐஸ் வைத்துக் கொடுத்தால் தேவலை என்றான். டோரீன் மருத்துவ அறை இரண்டாவது தளத்தில் இருக்கிறது, லிப்டில் போகலாம் என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டாள். நாலு மணிக்குத் திரும்பிவிடுவேன் என்று சொன்னாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவோமோ என்று அவளுக்கே பயம்.

கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்திருந்தாள். பால்கனிக் கம்பியில் தன் மஞ்சள் கழுத்துத் துணியை இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். அப்படிக் கட்டக் கூடாது என்று அறையைப் பார்த்துக்கொள்ளும் பாலித் தீவுக்காரர் வயான் பணிவாகச் சொன்னார். கப்பல் நகர்வதற்குள் அவிழ்த்துவிடுவேன் என்று இவளும் பணிவாகவே சொன்னாள்.

கடையும் சோம்பேறி விலங்கும் சீக்கிரமே முடிந்தன. அந்த விலங்கு எர்வினுக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம் என்று அவள் சொல்ல, ரமோனா விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு மணிக்குக் குன்றடியில் அவளை இறக்கிவிட்டார்கள். தனியாகவா என்று தங்கைக்காரி கேட்டாள். தனியாகத்தான் என்றாள் டோரீன்.

அடிவாரத்தில் தகரக்கூரை போட்ட சாப்பாட்டுக் கடையில் பொரித்த மீனும், தேங்காய்ப்பால் ஊற்றிய பீன்ஸ் சோறும், வாழைக்காய் வறுவலும் சாப்பிட்டாள். யாரையும் கேட்காமல் இரண்டாவது மீன் வாங்கினாள். பிறகு செம்மண் பாதையில் ஏறினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். எர்வின் சொன்ன முழங்கால் வலி தனக்கு நிஜமாகவே வந்ததை நினைத்துச் சிரித்துக்கொண்டாள். மேலே சர்ச் அவள் நினைத்ததைவிடச் சின்னது, சுண்ணாம்பு உரிந்திருந்தது. படியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நகர்ந்து இடம் கொடுத்தாள். டோரீன் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள்.

கப்பல் சின்னதாக இருந்தது. அவ்வளவு பெரிய கப்பல், கட்டைவிரலை நீட்டினால் பாதி மறைந்துபோகும். அதன் வயிற்றுக்குள்ளா ஐந்து வருஷம் வெளிச்சமில்லாமல் படுத்துக் கிடந்தோம் என்று அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு ஏழாவது வரிசையை எண்ணித் தேடினாள். ஒரே மாதிரி நூற்றுக்கணக்கான பால்கனிகள், நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு அசைந்தது. அதோ என் ரூம் என்று வாய்விட்டுச் சொன்னாள். பட்டாணிக்காரிக்குப் புரிந்ததோ என்னவோ, அவளும் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். டோரீன் அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். யாரும் எதையும் கேட்கவில்லை. அவளும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று ஐந்துக்கு எழுந்தாள். கீழே டாக்ஸி பிடித்து, துறைமேடையில் நடந்து, கப்பலின் பின்பக்க ஏறுபடி வழியாக மூன்று நாற்பதுக்கு உள்ளே வந்துவிட்டாள். லிப்ட் வாசலில் ரமோனா ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"உன் வீட்டுக்காரர் உன்னைத் தேடிப் போயிட்டாரே. ஐஸ்கிரீம் எடுக்குற இடத்துல பாத்தார். நீ குன்றுல தனியா இருக்கேன்னு சொன்னதும் முகமே மாறிடுச்சு. முன்பக்கப் படி வழியா இறங்கிப் போயிட்டார்."

"எப்ப?"

"மூணு இருபது இருக்கும். நேரம் ஆயிடுமேன்னு கேட்டேன். போனைப் பாத்துட்டு, இன்னும் ரெண்டு மணி நேரம் கிடக்குன்னார். வருஷாவருஷம் வர்றவர், அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

இரண்டு மணி நேரமா? டோரீனுக்கு நொடியில் விளங்கிவிட்டது. கப்பலை விட்டே இறங்காத மனுஷன், கைபேசியைத் தூங்க வைத்தே பழக்கப்பட்டவன், இன்று அவளிடமிருந்து ஏதாவது செய்தி வருமா என்று பார்க்க அதை எழுப்பியிருக்கிறான். அது தீவின் சிக்னலைப் பிடித்து ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த வாத்தியார், தன் பாடத்திலேயே கோட்டை விட்டுவிட்டார்.

பயணிகள் உதவி மேசையில் இருந்தவர்களிடம் போய்ச் சொன்னாள். பெயரைக் குறித்துக்கொண்டார்கள், கப்பல் ஒரு ஆளுக்காகக் காத்திருக்காது என்றும் சொன்னார்கள். அவன் எண்ணுக்கு அடித்தாள், குன்றுப் பக்கம் சிக்னல் இல்லையோ என்னவோ, மணி போகவே இல்லை. தானே இறங்கித் தேடப் போகலாமா என்று ஏறுபடி வரை போனாள். போனால் அவன் ஒரு வழியில், இவள் ஒரு வழியில், இரண்டு பேரும் கரையில் நிற்பார்கள். தவிர, போவதென்றால் தான் இறங்கியதே தப்பு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஒப்புக்கொள்ளமாட்டேன் என்று நின்ற இடத்திலேயே பல்லைக் கடித்தாள். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்திருக்கிறாள். சொன்ன மாதிரியே செய்திருக்கிறாள். நேராகத் தன் அறைக்குப் போனாள்.

நாலரை ஆனது. ஒலிபெருக்கியில் எர்வின் மஹாசெக் என்று பெயரைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். வயான் கதவைத் தட்டி, கம்பியில் கட்டிய துணியை அவிழ்க்க வேண்டும் என்று நினைவுபடுத்தினார்.

"என் புருஷன் ஏறுற வரைக்கும் அது அங்கதான் இருக்கும். யாருகிட்ட வேணும்னாலும் போய்ச் சொல்லுங்க" என்றாள். வயான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. அவரும் ஒரு நிமிஷம் நின்று துறைமேடையைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவள் கம்பியோரம் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். கண் துறைமேடையின் மறுகோடியிலேயே இருந்தது. வாடா, வந்து தொலை என்று முணுமுணுத்தாள். அவன் முழங்காலுக்கு நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வது என்று நினைத்தவள் கம்பிக்கு மேல் இன்னும் எட்டிப் பார்த்தாள். பாவி மனுஷன், இத்தனை வருஷம் கூப்பிட்டபோது வராமல் இன்று போயா இறங்குவான்?

ஐந்துக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது மேலே பத்தாவது தளத்தில் ஆரவாரம் கேட்டது. துறைமேடைக் கோடியில் ஒரு வெள்ளை டாக்ஸி நின்றது. கதவு திறந்தது. அதிலிருந்து எர்வின் இறங்கி ஓடி வந்தான். ரப்பர் செருப்பு, அரை டிரவுசர், முட்டி வரைக்கும் செம்மண். ஓட்டம் என்றால் அது ஓட்டமா? அறுபத்தாறு வயது உடம்பு ஒருபக்கம் போக, தொப்பை இன்னொரு பக்கம் போனது.

மேலே மணி அடித்தது. தீவனக்கடை மாட்டுமணி. நாற்காலியைப் பிடித்து வைக்க எர்வின் அதில் மணியை விட்டுவிட்டுப் போயிருக்கிறான், அதை எவனோ எடுத்து அடிக்கிறான். இருபது வருஷம் கடைக்குள் நுழையும்போதெல்லாம் கேட்ட சத்தம், டோரீனுக்குத் தெரியாதா? முதலில் அவளுக்கே சிரிப்பு வந்தது. நன்றாக வேண்டும் இவனுக்கு என்று நினைத்தாள். அப்போது எர்வினின் ஒரு செருப்பு கழன்றது. குனிந்து எடுக்கப் போனவன் தடுமாறிக் கையை ஊன்றினான். மேலே சிரிப்பு வெடித்தது, மணி இன்னும் வேகமாக அடித்தது. எர்வின் நிமிர்ந்து அந்தக் கம்பி வரிசையைப் பார்த்தான். அந்த முகத்தை முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் பார்த்ததே இல்லை. அவமானத்தில் குழந்தை மாதிரி ஆகிவிட்டிருந்தான்.

டோரீன் பால்கனியிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, தலையைத் திருப்பி மேலே பார்த்தாள். இருபத்தாறு வருஷப் பேருந்துக் குரல் கப்பலின் பக்கவாட்டு முழுக்க ஏறியது.

"மணியக் கீழ வை. அது என் வீட்டு மணி. ஓடுறது என் புருஷன். சிரிக்கணும்னா நான் சிரிச்சுக்கறேன், உங்கள்ல ஒருத்தனுக்கும் அந்தப் பாத்தியதை கிடையாது."

மணி நின்றது. சிரிப்பும் நின்றது. பக்கத்துப் பால்கனியில் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவன் தானாகவே அதைக் கீழே இறக்கினான். அந்த அமைதியில் அவள் கீழே பார்த்துக் கத்தினாள்.

"செருப்பை விடு, எர்வின். வெறுங்காலோட ஓடி வா."

அவன் செருப்பை விட்டான். ஓடினான். ஏறுபடியைத் தூக்கக் காத்திருந்த இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மேலே யாரோ கைதட்டினார்கள், இந்த முறை ஒழுங்காகத் தட்டினார்கள். டோரீன் மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.

பத்து நிமிஷம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. கப்பல் ஏறியதிலிருந்து முதன்முறையாக எர்வின் அந்த அறை வாசலில் நின்றான். வியர்வையில் குளித்திருந்தான், உள்ளங்கை சிராய்ந்திருந்தது. வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருப்பான் போல, ஆரம்பித்தான்.

"உன்னாலதான் எல்லாம். நீ மட்டும் இறங்காம இருந்திருந்தா..."

"நான் மூணு நாப்பதுக்குக் கப்பல்ல இருந்தேன். நாலுன்னு சொல்லிட்டுத்தான் போனேன்" என்றாள் டோரீன். குரலை உயர்த்தவில்லை.

எர்வின் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்துப் பார்த்தான், அது இன்னும் நாலு மணி என்றே சாதித்துக்கொண்டிருந்தது. அதைத் திரும்பப் பைக்குள் போட்டான். வாசற்படியில் செம்மண் உதிர்ந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மேல வரைக்கும் ஏறினேன். பட்டாணி உரிக்கிற அம்மா ஒருத்தங்க இருந்தாங்க. உன்னைப் பத்திக் கேட்டா, அவங்க கையக் காட்டுறது கப்பலை. பாத்தா ஒரு மஞ்சத்துணி. பக்கத்துல இடுப்புல கைய வச்சுட்டு ஒரு ஆள். பஸ்ஸை நிறுத்திட்டு யாரையோ திட்டப்போற மாதிரி. நீதான்னு அப்பவே தெரிஞ்சுது. துறையில பாத்தா ஒரு ஈ காக்கா இல்ல. அப்பத்தான் மணி என்னன்னே புரிஞ்சுது."

"அங்கேருந்து கப்பல் எப்படி இருந்துச்சு?"

பதில் சொல்வதற்கு எர்வினுக்குக் கஷ்டமாக இருந்தது, அது அவளுக்கும் தெரிந்தது, ஆனால் அவள் உதவிக்குப் போகவில்லை.

"அழகா இருந்துச்சு" என்றான். "சின்னதா, அழகா இருந்துச்சு."

கப்பல் அசைந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே துறைமேடை மெல்ல விலகியது, குன்று முழுதாகத் தெரிந்தது. எர்வின் கழுத்தை நீட்டி அவளைத் தாண்டி வெளியே பார்த்தான். பால்கனியில் இரண்டு நாற்காலி கிடந்தது. அதையும் பார்த்தான்.

"உள்ள வரலாமா?"

"வா. காலைத் துடைச்சுட்டு வா. இருட்டுற வரைக்கும் உக்காந்து பாரு" என்றாள் டோரீன். அவன் முகம் மலர்ந்து உள்ளே காலை வைத்ததும் விரலை நீட்டி நிறுத்தினாள். "ஆனா படுக்கிறதுக்கு உன் ரூமுக்குப் போயிடணும், எர்வின். ரூம்ங்கிறது தூங்கத்தானே."